இல்லாத சோற்றைச் சாப்பிட்டவர்கள்

1

செக் நாட்டில் நவம்பர் நடுவில் ஒரு விடுமுறை உண்டு. நாற்பது வருடம் ஒரே கட்சி, ஒரே குரல் என்று இருந்த ஆட்சி ஆட்டம் காணத் தொடங்கிய நாள் அது. நாங்கள் இருக்கும் பிர்னோ நகரத்துச் சதுக்கத்தில் அன்று சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடுவார்கள். குளிரில் மூக்கு சிவந்து, பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

எங்கள் கீழ்வீட்டு யார்மிலா மட்டும் போகமாட்டார். அன்றைக்கு அவர் உருளைக்கிழங்கைத் துருவி, பூண்டைத் தட்டிப் போட்டு, நம்மூர் அடை மாதிரி சுட்டு வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுவார். "எல்லாரும் சதுக்கத்துக்குப் போகலாம் என்று ஆகிவிட்டதே. இனி எனக்கு அங்கே என்ன வேலை?" என்பார்.

இந்த வருடம் அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "உன் அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. போன சாரல் காலத்தில் ஐந்தருவியில் வரிசையில் நின்று குளித்த அந்த வெள்ளைக்கார அம்மா யார் என்று ஊரில் பலர் என்னிடம் கேட்டீர்கள். அப்போது "பக்கத்து வீட்டுக்காரங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். முழுப் பதில் இதுதான்.

நான் தென்காசிக்காரி. அப்பா அம்மா குத்துக்கல்வலசையில் இருக்கிறார்கள். கணவருக்குக் கிடைத்த வேலையால் பிர்னோவுக்கு வந்தோம். எனக்கு இங்கே ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மகள் தாராவுக்குப் பதினைந்து வயது. வந்தபோது மடியில் இருந்தவள். இப்போது நான் தமிழில் கேட்டால் செக்கில் பதில் சொல்கிறாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதுவும் தென்காசித் தமிழ், என் வாயிலிருந்து பிடித்துக்கொண்டது.

செக் மொழியிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. நான் அந்த மொழியைக் கற்றது தாராவின் பாலர் பள்ளி வாசலில். சின்னப் பிள்ளைகள் எல்லாரையும் 'நீ' என்றுதான் சொல்லும். நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். ரொட்டிக் கடைக்காரர் நீ, டாக்டர் நீ, பஸ் டிரைவர் நீ. நம் முகத்தைப் பார்த்து எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கிற அலுவலகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியிடம், "நீ கொஞ்சம் பொறு, தேடி எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்து, காகிதம் குறைகிறது, போய்விட்டு அடுத்த மாதம் வா என்று கத்தினார்.

துணைக்கு வந்திருந்த யார்மிலா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எந்தக் காகிதம் குறைகிறது என்று எழுதிக் கொடுங்கள்" என்றார், சத்தமே போடாமல். அந்த மனிதர் தேடிப் பார்த்தார். எதுவும் குறையவில்லை. முத்திரை குத்தி நீட்டினார்.

வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன், யார்மிலாவின் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, "ஜன்னலுக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்கு இன்னும் இப்படித்தான்" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். "அவனைப் போய் நீ என்றாயே! ஆயுசுக்கும் எனக்குத் துணிவு வராத காரியம். போகட்டும், இனி என்னையும் நீ என்றே சொல்."

இங்கே அது ஒரு சடங்கு. மூத்தவர்தான் அந்த 'நீ'யைக் கொடுக்க வேண்டும். நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் இதைத் தமிழில் எழுதும்போது எழுபத்தெட்டு வயது மனுஷியை அவள், இவள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

2

கை ஏன் நடுங்கியது என்று அவரே ஒருநாள் சொன்னார்.

யார்மிலா இளம் வயதில் ஓவிய ஆசிரியை. அந்த ஆட்சியில் ஓவியர் சங்கத்தில் சேர்த்துக்கொண்டால்தான் படங்களைக் காட்சிக்கு வைக்க முடியும். சங்கத்துக்குச் சிரிக்கிற தொழிலாளியும் முற்றிய கோதுமையும் வரைகிறவர்கள் வேண்டும். யார்மிலாவும் நண்பர்கள் நாலு பேரும் அப்படி வரையவில்லை. சுவர் கிடைக்காது, காகிதம் கிடைக்காது, அச்சடிக்க முடியாது. அதனால் சுவரும் காகிதமும் தேவைப்படாத கலை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உடம்புதான் தூரிகை, தெருதான் துணி. பனிக்கட்டியில் சிலை செய்து பூங்காவில் வைப்பார்கள். போலீஸ் வருவதற்குள் உருகியிருக்கும். டிராமில் ஐந்து பேரும் ஏறி, இல்லாத செய்தித்தாளை விரித்து, பக்கம் பக்கமாகத் திருப்பிப் படிப்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு புரிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள்.

அவரை மாட்டிவிட்டது வரிசைதான்.

அந்தக் காலத்தில் இங்கே எல்லாவற்றுக்கும் வரிசை. எங்காவது வரிசை தெரிந்தால் மக்கள் என்ன என்று கேட்காமலே போய் நின்றுகொள்வார்களாம். ஆரஞ்சுப் பழமாக இருக்கலாம், கழிவறைக் காகிதமாக இருக்கலாம். ஒரு சனிக்கிழமை காலை ஐந்து பேரும் ஒரு வெற்றுச் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கடை இல்லை, கதவு இல்லை, ஜன்னல் இல்லை. சுவர் மட்டும். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஆள் சேர்ந்தது. தெருமுனை வரை போய் வளைந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு வழிவிட்டார்கள். இடையில் புகுந்தவரைத் திட்டினார்கள். யாருமே, "சுவரில் என்ன விற்கிறார்கள்?" என்று கேட்கவில்லை.

போலீஸ் வந்தது. எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டது. ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு கிழவர் மட்டும், "கொடுக்கும்போது தெரியும்" என்றாராம். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் சிரித்தது. யார்மிலா சொல்வார்: "அந்தச் சிரிப்புதான் நாங்கள் செய்த படைப்பு. வரிசை அதற்கு வெறும் படச்சட்டம்."

அந்தச் சிரிப்புக்கு விலை இருந்தது. ஆசிரியர் வேலை போனது. டிராம் நிலையத்தில் பெட்டிகள் கழுவுகிற வேலைதான் கிடைத்தது, ஆட்சி விழும் வரைக்கும். கடவுச்சீட்டு கிடையாது. காதலித்தவர் ஒதுங்கிப்போனார். பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் வருடக்கணக்கில் அவர் பின்னாலேயே நடந்தான். கோட்டு மாறும், தொப்பி மாறும், ஷூ மட்டும் மாறாது என்பார் யார்மிலா. அவன் ஒருநாளும் அவரிடம் பேசியதில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கையில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் அப்பா போலீஸ்காரர். சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அதிலும் பெரும்பகுதி தனிப்பிரிவு. கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள், யார் யாரோடு போனார்கள் என்று பார்த்து மேலே எழுதி அனுப்புகிற வேலை.

3

என் கைபேசியில் ஐந்தருவியின் காட்சியைப் பார்த்துவிட்டு, "இதன் கீழே நிஜமாகவே நிற்க விடுவார்களா?" என்று யார்மிலா கேட்டார். விடுவார்கள் என்றேன். "அப்படியானால் அடுத்த தடவை நானும் வருகிறேன்" என்றார்.

அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நா என்ன வேலையில இருந்தேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டியாட்டி?"

"இல்லப்பா. கவர்மெண்ட் வேலைன்னு சொல்லிருக்கேன்."

"அது போதும். வரட்டும்."

திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் ஆரியங்காவு தாண்டி வரும்போதே சாரல் முகத்தில் அடித்தது. யார்மிலா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் தானாகவே செருப்பைக் கழற்றினார். அவர்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். அம்மாவுக்கு அதிலேயே பாதி மனசு நிறைந்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் எனக்குச் சுவர் கண்ணில் பட்டது. ஹாலில், டி.வி.க்கு மேலே, அப்பா சீருடையில் விறைப்பாக நிற்கிற பெரிய படம் ஒன்று நான் பிறந்த நாளிலிருந்து தொங்குகிறது. அதைக் காணோம். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று வெளுத்திருந்தது. அப்பா என் பக்கம் பார்க்காமல் பேப்பரை விரித்துக்கொண்டார்.

யார்மிலாவும் அந்தச் சதுரத்தைத்தான் பார்த்தார். "அங்கே என்ன இருந்தது?" என்று தாராவைக் கேட்கச் சொன்னார்.

"காலண்டர்" என்றாள் அம்மா, சட்டென்று. அவ்வளவு பெரிய காலண்டர் தென்காசியில் எந்தக் கடையிலும் கொடுக்கமாட்டார்கள்.

சாப்பாட்டில் வேறு குழப்பம். அம்மா தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கரண்டியைக் காட்டினாள். யார்மிலா, "நோ, நோ" என்றார். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பளத்துக்கும் "நோ, நோ." பாயசத்துக்கும் "நோ, நோ." யார்மிலாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. தாரா தட்டில் முகத்தைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, செக்ல 'நோ'ன்னா 'ஆமா'ன்னு அர்த்தம்!"

"அடப் பாவமே!" என்று அம்மா சொதிச் சட்டியோடு ஓடி வந்தாள். "நல்ல பாஷைட்டி இது. ஆமாங்கதுக்கே நோங்காவ. அப்ப வேண்டாங்கதுக்கு என்னத்தச் சொல்லுவாவ?"

அன்றிலிருந்து அம்மா, அப்பா எதைக் கேட்டாலும் "நோ, நோ" என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள். காபி இருக்கா என்றால் நோ, நோ. கையில் டம்ளரோடு வந்து சொல்வாள்.

4

ஐந்தருவியில் சீசன் கூட்டம். மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவித்து வைத்த கடைகள், நேந்திரங்காய் சிப்ஸ் வாசனை, எண்ணெய் தேய்த்து மினுமினுக்கிற முதுகுகள், சமயம் பார்த்துக்கொண்டிருக்கிற குரங்குகள். பெண்கள் பக்கம் நீண்ட வரிசை. அம்மாவின் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு யார்மிலா அதில் போய் நின்றார். இருப்பதிலேயே சந்தோஷமாக நின்ற ஆள் அவர்தான். "இந்த வரிசையின் கடைசியில் ஏதோ இருக்கிறது!" என்று என் காதில் சொன்னார்.

அப்பா ஓரமாகத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த எஸ்.ஐ. ஒருவர் அவரைப் பார்த்ததும் ஓடி வந்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"ஐயா! நல்லாருக்கீயளா? உங்ககிட்ட வேல படிச்சவம்லா நான். வீட்டாளுக வரிசையில நிக்காவளா? அம்மா, நீங்க இப்படி முன்னால வாங்க."

அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதற்குள் யார்மிலா பார்த்துவிட்டார். அந்த சல்யூட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முன்னால் போக மறுத்துவிட்டார். தன் முறை வரும் வரை நின்று, அருவிக்குள் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் தலையைக் கொடுத்து நின்றார்.

மத்தியானம் அறைக்குள் போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட வரவில்லை. அம்மா இரண்டு தடவை கதவருகே போய், காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். "ஏட்டி உமா, அந்தம்மா அழுதாவளோ என்னமோ. நீ முன்னாலயே சொல்லிருக்கலாம்லா" என்றாள். அப்பா சாப்பிட்ட பாவனை பண்ணி எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரியை மட்டுமல்ல, எனக்கு அந்நிய ஊரில் கிடைத்த ஒரே சொந்தத்தையும் அன்றைக்கு இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நாலு மணி வாக்கில் கதவு திறந்தது. யார்மிலா நேராக வந்து அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் எழுந்ததும் கையமர்த்தினார்.

"நீ மொழிபெயர்க்க வேண்டாம். நீ மென்மையாக்கிவிடுவாய். தாரா சொல்லட்டும்."

தாரா இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்கள் வேலையில் ஆட்களைப் பின்தொடர்ந்திருக்கிறீர்களா?"

"ஆமா."

"உத்தரவு, அதனால் செய்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நிறையப் பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்."

அப்பா கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். தாராவைப் பார்த்துப் பேசினார். "உத்தரவுன்னு சொல்லமாட்டேன். எனக்கு அந்த வேல புடிச்சிருந்துச்சு. ஒருத்தருக்கும் தெரியாம, ஒருத்தரப் பத்தி எல்லாம் தெரிஞ்சி வச்சிக்கிடுதது. அதுல ஒரு ருசி இருந்துச்சு. இருபத்து நாலு வயசு எனக்கு."

தாரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தாத்தா, நிஜமாவே இப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லு தாயி."

சொன்னாள். யார்மிலா அப்பாவையே பார்த்தபடி இருந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் உண்மையைச் சொல்கிறார்" என்றார். சுவரைக் காட்டி, "அந்தக் காலண்டரை எடுத்து மாட்டுங்கள். எனக்கு முகம் தெரிந்தால்தான் பேச முடியும்" என்றார்.

அம்மா பீரோவிலிருந்து படத்தை எடுத்து வந்து மாட்டினாள். அதற்குக் கீழே உட்கார்ந்து அப்பா ஒரு கதை சொன்னார். நான் அவர் பெற்ற மகள். அதுவரை அந்தக் கதையைக் கேட்டதில்லை.

நெருக்கடி நிலைக் காலம். பேச்சுக்கும் எழுத்துக்கும் பூட்டு. வடகரையில் ஒரு நாடகக் குழு. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த கோமதிநாயகம் என்பவர் நடத்தினார். எந்த நாடகம் போட்டாலும் வசனத்தை முன்கூட்டியே காவல் நிலையத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கோமதிநாயகம் ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: நான்கு பேர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முற்றும்.

இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருந்தாலும் ஒரு சந்தேகம். புதிதாக வந்த, ஊருக்கு முகம் தெரியாத என் அப்பாவை மப்டியில் அனுப்பினார்.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. நாலு பேர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் வெறும் வாழையிலை. ஒருவன் காலி வாளியைத் தூக்கி வந்து, கரண்டி கரண்டியாக ஒன்றுமில்லாததைப் பரிமாறினான். நாலு பேரும் பிசைந்தார்கள். சாம்பாருக்குக் குழி பறித்தார்கள். உறிஞ்சினார்கள், சப்புக்கொட்டினார்கள், ஏப்பம் விட்டார்கள். பிரமாதம் பிரமாதம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். நடுவில் ஒருவர் மட்டும் கையை நிறுத்தி, இலையை உற்றுப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் அப்படியே உறைந்து அவரையே பார்த்தார்கள். பரிமாறுகிறவன் வாளியோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றான். அவர் மெல்லக் குனிந்து, முன்னைவிட வேகமாக அள்ளி அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தார். கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டார். அவ்வளவுதான் நாடகம்.

"போய் நடந்தத எழுதிக் குடுத்தேன்" என்றார் அப்பா. "இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணும் விளங்கல. சாப்பிடுதானுவ, இதுல என்னடே இருக்குன்னாரு. அவருக்கு நாந்தான் விளக்கிச் சொன்னேன். அந்த வாளி என்னது, இல என்னது, பின்னால நிக்கிறவன் யாருன்னு. ஒண்ணு விடாமச் சொன்னேன். மறுநா கோமதிநாயகத்த வீட்டுல வச்சுப் பிடிச்சிட்டாவ."

தாரா மொழிபெயர்த்து முடித்ததும் யார்மிலா தலையை ஆட்டினார். "எங்கள் ஊரிலும் அப்படித்தான். எங்கள் படைப்பைப் போலீஸ்காரர்கள் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் கிடையாது." சற்றுப் பொறுத்துக் கேட்டார்: "அந்த மனிதர் இருக்கிறாரா?"

"இருக்காரு. வடகரையிலதான். ஒரு தென்னந்தோப்பு வச்சிருக்காரு. மூட்டுவலி உண்டு. மக கோயம்புத்தூர்ல."

"அவரோடு பேசுவீர்களா?"

"ஒருநாளும் பேசினதில்ல."

"பிறகு எப்படி இவ்வளவும் தெரியும்?"

அதற்கு அம்மா சொன்னாள்: "மாசத்துக்கு ஒரு தடவையாவது வண்டிய எடுத்துக்கிட்டு வடகரைப் பக்கம் போவாவ. தேங்கா வாங்கப் போறேம்பாவ. தேங்கா வாங்காமலே வருவாவ."

"பின்தொடர்வதை இன்னும் விடவில்லை" என்றார் யார்மிலா. "நாளைக்கு என்னையும் கூட்டிப் போங்கள்."

5

கோமதிநாயகம் அண்ணாச்சி தோப்பு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் மலை மேகத்துக்குள் இருந்தது. யானை வந்து சாய்த்துவிட்டுப் போன இரண்டு தென்னைகள் வழியிலேயே கிடந்தன. காரிலிருந்து முதலில் யார்மிலா இறங்கினார், பிறகு நாங்கள். அப்பா கடைசியாக இறங்கிக் கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

அண்ணாச்சி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார்.

"யாரு, ஏட்டையாவா? வாரும்."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா அங்கேயே நின்றார். "என்னத் தெரியுமா?" என்றார், குரல் எழும்பாமல்.

"தெரியாம என்ன? இந்த ரோட்டுல எத்தன வருஷமா வண்டிய மெதுவா விட்டுக்கிட்டுப் போறீரு. இன்னைக்காவது நிப்பாட்டினீரே."

அவருடைய மனைவி இளநீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் யார்மிலாவைப் பற்றிச் சொன்னேன். சுவருக்கு முன்னால் நின்ற வரிசையைச் சொன்னேன். அண்ணாச்சி ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "கொடுக்கும்போது தெரியும்" என்று கிழவர் சொன்ன இடம் வந்ததும் இளநீர் புரையேறச் சிரித்தார்.

"எந்த வருஷம்னு கேளு பிள்ள" என்று தாராவிடம் சொன்னார். யார்மிலா சொன்னார். அண்ணாச்சி தன் நாடக வருஷத்தைச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள்தான் இடைவெளி. இவர் பெயர் அவருக்குத் தெரியாது, அவர் ஊர் இவருக்குத் தெரியாது. அங்கே இல்லாத சாமானுக்கு வரிசையில் நின்றிருக்கிறார்கள், இங்கே இல்லாத சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"இப்படி ஒரு நாடகத்தை எங்கே கற்றீர்கள்?" என்று யார்மிலா கேட்டார்.

"படிச்சுச் செஞ்சதெல்லாம் இல்லம்மா. பேசக்கூடாதுன்னாங்க. சரின்னு பேசாம இருந்தோம்."

வேலை போனதையும், உள்ளே இருந்த மாதங்களையும் அவர் சுருக்கமாகச் சொன்னார். கூட நடித்தவர்களில் ஒருவர் வெளியே வந்த பிறகு மேடைப் பக்கமே வரவில்லை என்றபோது மட்டும் குரல் தாழ்ந்தது. நிச்சயம் பண்ணின பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள் என்றார். அவர் மனைவி குறுக்கிட்டார்: "அந்தப் பிள்ள தப்பிச்சிட்டா. நா வந்து மாட்டிக்கிட்டேன்."

யார்மிலா கேட்டுக்கொண்டதும் அண்ணாச்சி நாற்காலியிலிருந்து இறங்கி, மூட்டுவலியோடு தரையில் உட்கார்ந்தார். முன்னால் ஒன்றுமில்லை. தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். அந்த ஒரு கை அசைவில் எனக்கு இலை தெரிந்தது. யார்மிலா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு கிழங்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள். யார்மிலாவுக்குக் கையால் பிசையத் தெரியவில்லை; அண்ணாச்சி விரல்களைக் காட்டிக் கொடுத்தார். தாரா இல்லாத வாளியைத் தூக்கி வந்து பரிமாறினாள். யார்மிலா "நோ, நோ" என்று இன்னும் கேட்டு வாங்கினார். அண்ணாச்சியின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி கையை உதறிவிட்டு அவரைப் பார்த்தார். "ஏட்டையா, ஒரு சங்கதி உமக்கு ஞாபகம் இருக்கா? நீரு போலீசுன்னு அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கும் தெரியும். மப்டியில வந்தீரு, கிராப்பு காட்டிக் குடுத்திட்டு. மூணாவது வரிசையில இருந்தீரு. நாங்க சாப்பிடுதோம், சாப்பிடுதோம், ஒரு பய சிரிக்கல. எல்லாருக்கும் விளங்கிட்டு, ஆனா பயம். உம்ம மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தானுவ. நான் சாம்பாருக்குக் குழி பறிச்சேன் பாத்தீரா, அப்ப நீரு சிரிச்சீரு. வாய்விட்டுச் சிரிச்சீரு. அதுக்குப் பெறவுதான் மைதானமே சிரிச்சுது."

அப்பா தூணை விட்டு முன்னால் வந்தார். "நானா?"

"நீருதாம். உள்ள கெடந்தப்ப அதத்தான் நெனச்சுக்கிடுவேன். பிடிச்சுக் குடுத்தவனும் சிரிச்சாம்லா, அப்ப நாடகம் செரியாத்தான் இருந்திருக்குன்னு."

தாரா இதை யார்மிலாவுக்குச் சொல்லும்போது பாதியில் குரல் உடைந்துபோய் நிறுத்தினாள். மீதியை நான் சொன்னேன்.

கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று, "அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. அண்ணாச்சி காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மழை வருது, கெளம்பும்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கோபமும் அந்தக் குரலில் இல்லை.

காரில் யார்மிலா என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் பின்னால் நடந்தவனைப் பற்றிச் சொன்னார். ஆட்சி விழுந்த பிறகு ஒருநாள் காய்கறிக் கடையில் அவனைப் பார்த்தாராம். கிழவனாகி இருந்தான். இவரைப் பார்த்ததும் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். "அன்றைக்கு நான் அவன் பின்னாலேயே போயிருக்க வேண்டும்" என்றார். முன் இருக்கையில் இருந்த அப்பா, அது என்ன என்று தாராவிடம் கேட்டார். அவள் சொன்னாள். குத்துக்கல்வலசை வரும் வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

6

மறுநாள் காலையில் எழுந்தபோது அப்பாவைக் காணோம். வண்டியும் இல்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மழை விட்டு விட்டுப் பெய்தது. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். யார்மிலா மட்டும் பதற்றப்படவில்லை. தாராவிடம் பச்சைமிளகாயைச் சுட்டி அதன் தமிழ்ப் பெயரைக் கேட்டு, சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். தாரா அவருடைய உச்சரிப்பைத் திருத்தினாள். ளகரத்தையும் லகரத்தையும் பிரித்துச் சொல்லிக் கொடுத்தாள். நான் பத்து வருடமாகத் தாராவைத் திருத்தி வந்த அதே எழுத்துகள்.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"சொல்லாமக் கொள்ளாம எங்க போனீய?" என்றாள் அம்மா.

"வடகரைக்கு."

"இம்புட்டு நேரமா? என்ன பேசினீய ரெண்டு பேரும்?"

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"பேசல" என்றார். "சாப்பிட்டோம்."